ஒன்பது தள்ளி, பத்தொன்பது தள்ளி

2-ஐ 255 இடங்களில் எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருக்கி, வருகிற எண்ணில் 19-ஐக் கழித்தால் மிஞ்சுவது இது:

57896 04461 86580 97711 78549 25043 43953 92663 49923 32820 28201 97287 92003 95656 48199 49

படிக்க வசதியாக ஐந்தைந்தாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். மொத்தம் 77 இலக்கம். ஒரே எண். இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது.

இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் எனக்கு முதலில் இலக்கங்களைக் கூட்டத்தான் தோன்றும். கூட்டினால் 376 வரும். 3, 7, 6-ஐக் கூட்டினால் 16. அதையும் கூட்டினால் 7. அப்படியானால் 9-ஆல் வகுக்கும்போது மீதி 7. 3-ஆலும் இது வகுபடாது. 77 இலக்கத்தில் ஒரு சின்ன விஷயம் கைக்கு அகப்பட்டுவிட்டது. இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. அம்பூரியில் மாமா வீட்டில், ரப்பர் ஷீட்டு காயப்போடும் புகைப்புரைக்கு முன்னால் உட்கார்ந்து படித்தது.

பனச்சமூட்டில் கடைத்தெருவின் ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கேரளம். அங்கிருந்து வெள்ளறடை தாண்டிக் கிழக்கே ஏறினால் மலை நெருங்கி வரும். ரப்பர் மரங்களுக்கு ஊடாகப் போகும் அந்தப் பாதையின் கடைசி ஊர்களில் ஒன்று அம்பூரி. அதற்கப்பால் நெய்யாறு, நீர்த்தேக்கம், காடு, அகத்தியமலை. 1956 நவம்பர் 1-இல் எல்லை போட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும் இருந்ததால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கல்யாணமும் சாவும் எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் இருந்தன. மாமா வீட்டில் அடுக்களையில் தமிழ், முற்றத்தில் மலையாளம், கணக்கு நோட்டில் இரண்டும்.

மாமா விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போவார். வெயில் ஏறுவதற்குள் சிரட்டையில் பால் நிறைய வேண்டும். பால் எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மெஷினில் அழுத்தி, புகைப்புரையில் தொங்கவிட்டுக் காய்ந்த ஷீட்டுகளை வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுப்பார். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்குத் தனி விலை. எடையையும் விலையையும் பெருக்கிப் போட்ட கணக்கை எங்களிடம் தந்து சரிபார்க்கச் சொல்வார். நாங்கள் மறுபடி பெருக்கத் தொடங்கினால் நிறுத்துவார்.

“மக்களே, என்னத்துக்கு அவ்வளவு பாடு? ஒம்பது தள்ளிப் பாரு.”

46 கிலோ, கிலோவுக்கு 23 ரூபாய் என்றால் 1058. 46-இன் இலக்கங்களைக் கூட்டினால் 10, மறுபடி 1. 23-க்கு 5. ஒன்றையும் ஐந்தையும் பெருக்கினால் 5. விடையாகிய 1058-இன் இலக்கங்கள் 14, மறுபடி 5. சரி. வியாபாரி 1068 என்று எழுதியிருந்தால் 6 வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 1085 என்று இலக்கம் இடம் மாறியிருந்தால் ஒன்பதுக்குத் தெரியாது. அதற்கு மாமா பதினொன்று வைத்திருந்தார்: வலது ஓரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழிப்பது. ஒன்பதையும் பதினொன்றையும் தாண்டுகிற தப்பு மிக அரிது என்பது அவருடைய அனுபவம்.

ஒன்பது ஏன் வேலை செய்கிறது என்று அவர் சொன்னதில்லை. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. 100-க்கும் 1, 1000-க்கும் 1. அதனால் எந்த இடத்தில் இருக்கிற இலக்கமும் மீதிக் கணக்கில் தன் அளவுக்கே நிற்கிறது, கூட்டினால் போதும். பெரிய எண்களோடு பழகுவதற்கு மனிதன் கண்ட வழிகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரியவில்லை. எண் முழுவதையும் தூக்க வேண்டாம், மீதியை மட்டும் எடுத்தால் போதும்.

இதையே கொஞ்சம் நீட்டலாம். 97 ஒரு பகா எண். 100-க்கு மூன்றுதான் குறைவு. அதனால் 100-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி 3. 4512-ஐ 97-ஆல் வகுக்க வேண்டுமா? நடுவே வெட்டி 45, 12 என்று ஆக்கு. 45-ஐ மூன்றால் பெருக்கி 12-ஐக் கூட்டினால் 147. மறுபடி வெட்டு: 1, 47. மூன்றையும் நாற்பத்தேழையும் கூட்டினால் 50. மீதி 50. வகுத்தலே நடக்கவில்லை.

மேலே எழுதிய 77 இலக்க எண்ணின் பெருமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அது 2-இன் 255-ஆம் அடுக்குக்கு 19 மட்டுமே குறைந்தது. ஆகவே இந்த எண்ணால் வகுக்கும்போது அந்த அடுக்கின் மீதி 19. இரண்டு பெரிய எண்களைப் பெருக்கி 154 இலக்கம் வரை வந்தாலும், இரும எண்ணாக எழுதிக்கொண்டு 255-ஆம் இடத்தில் வெட்டி, மேல்பாதியை 19-ஆல் பெருக்கிக் கீழ்பாதியோடு கூட்டினால் வேலை ஏறக்குறைய முடிந்தது. மாமா ஒன்பது தள்ளினார். இன்று கோடிக்கணக்கான கைபேசிகள் பத்தொன்பது தள்ளிக்கொண்டிருக்கின்றன.

கைபேசி என்றதும் மழை நினைவுக்கு வருகிறது. 2001 நவம்பர் 9 இரவு அம்பூரியில் மலைச்சரிவு இடிந்து இறங்கி வீடுகளை மண்ணோடு கொண்டுபோனது. பலர் மாண்டார்கள். எல்லைக்கு இப்பால் எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது மறுநாள்தான். ஊர்ப் பெயர் தெரிந்தது, ஆட்களின் பெயர் தெரியவில்லை. மாமா வீட்டார் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அறிவதற்குள் அம்மாவின் குரலே மாறிவிட்டிருந்தது. அதன்பிறகு துலாமழை வலுத்தால் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

இப்போது அந்த மலையடிவாரத்தில் அக்கா குடும்பம் இருக்கிறது. மழை ராத்திரிகளில் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பிவிடுவாள். “மாமா, இங்க ஒண்ணும் இல்ல, எல்லாரும் கிடந்தாச்சு.” அவ்வளவுதான். அந்தச் சில நொடிக் குரல் அம்பூரியை விட்டுப் புறப்படுமுன் பூட்டப்படுகிறது. 2016 ஏப்ரலில் இருந்து அந்தச் செயலியில் செல்கிற தனிப்பட்ட செய்திகள் எல்லாவற்றுக்கும் இரு முனைப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டுக்கு இரண்டு கைபேசிகளும் ஒரு பொது ரகசியத்தை எட்ட வேண்டும். அதை எட்டுகிற கணக்கு நடக்கும் இடம் இந்த 77 இலக்க எண்ணின் மீதிகளின் உலகம். ஒவ்வொரு கைபேசியும் தனக்குள் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, எல்லாரும் அறிந்த ஒரு தொடக்கப் புள்ளியில் இருந்து அத்தனை முறை தாவிச் சேர்ந்த இடத்தை மட்டும் வெளியே சொல்கிறது. எங்கே சேர்ந்தது என்று கேட்டவன், எத்தனை முறை தாவியது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளைக் கொண்டு நடைமுறையில் வழியில்லை. ஆனால் இரண்டு முனைகளிலும் இருப்பவர்கள் மற்றவர் சொன்ன இடத்திலிருந்து தங்கள் ரகசிய அளவுக்குத் தாவினால் ஒரே இடத்தில் போய்ச் சேருவார்கள். தொடக்கப் புள்ளியின் முதல் ஆயத்தொலைவு வெறும் 9.

இந்த எண்ணைத் தேர்ந்தவர் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர். 2006-இல் வெளியான அவருடைய கட்டுரையில் தேர்வுக்கான காரணம் வெளிப்படையாக இருக்கிறது. 2-இன் பெரிய அடுக்குகளுக்கு மிக அருகில் நிற்கும் பகா எண்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டார். ஒன்று 31 குறைவு, மற்றவை 39, 51, 79, 95 கூடுதல். எல்லாவற்றிலும் சின்ன விலகல் 19. தள்ளிப் பெருக்கச் சின்ன எண் நல்லது. அவ்வளவே காரணம். மறைத்து வைக்க எதுவும் இல்லாத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ரகசியங்களைக் காக்கிற எண்ணை ஊரறிய வைத்திருக்கிறார்கள்; நானும் மேலே முழுசாக எழுதிவிட்டேன், எந்த ரகசியமும் அதனால் கெடவில்லை.

அதற்கு மேலே, 2-இன் 255-ஆம் அடுக்கு வரை, வேறு பகா எண் இல்லையா என்று அக்கா மகள் ஒருநாள் கேட்டாள். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கேட்க வேண்டிய கேள்வி. 1 முதல் 17 வரையுள்ள ஒற்றை எண்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். நோட்டும் பேனாவும் போதும்.

2-இன் அடுக்குகளை 3-ஆல் வகுத்தால் மீதி 2, 1, 2, 1 என்று மாறி மாறி வரும். 255 ஒற்றை, ஆகவே மீதி 2. அதில் 5-ஐயோ 11-ஐயோ 17-ஐயோ கழித்தால் 3-ஆல் வகுபட்டுவிடும். மூன்று போயிற்று. 5-ஆல் வகுத்தால் மீதிகள் நாலுக்கு ஒருமுறை சுழலும். 255-ஆம் அடுக்குக்கு மீதி 3. ஆகவே 3-ஐயும் 13-ஐயும் கழித்தவை 5-ஆல் வகுபடும். 7-ஆல் வகுத்தால் சுழற்சி மூன்று, மீதி 1. ஆகவே 1-ஐயும் 15-ஐயும் கழித்தவை போயின. 17-ஆல் வகுத்தால் மீதி 9. 9-ஐக் கழித்ததும் போயிற்று. 77 இலக்க எண்கள் எட்டை ஒரு பக்கத்துக்குள், ஒரு எண்ணைக்கூட முழுதாக எழுதாமல், பகு எண்கள் என்று சொல்லிவிட்டோம். அவள் முகத்தில் அப்போது வந்த பிரகாசம் மாமா முகத்தில் வியாபாரியின் தப்பைப் பிடித்த நாட்களில் நான் பார்த்தது.

மிச்சம் நின்றது ஒன்று: 7-ஐக் கழித்தது. அது எதற்கும் மசியவில்லை.

பகா எண்கள் எவ்வளவு அருகருகே இருக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த உயரத்தில் சராசரியாக 177 எண்களுக்கு ஒன்றுதான் பகா எண். 19-க்குள் ஒன்று அகப்பட்டது நல்வாய்ப்பு. 19 என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வேறொரு 19 கண்ணில் நிற்கும். அதற்கு வல்லம் போக வேண்டும்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-இல் பிறந்தவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. ஒரு வயதில் தாய் போனார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் தந்தையும் போனார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் சொற்ப வருமானத்தில் இருந்து உதவிப் படிப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. இன்று நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்து களியக்காவிளையில் எல்லை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஓடும். அந்தப் பாதையில் போகும்போது பிள்ளையை நினைக்காமல் என்னால் போக முடிவதில்லை. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் ஆய்வுக்குச் சேர்ந்து, 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டே உலகத்தின் முதல் வரிசை எண்கோட்பாட்டாளர்களில் ஒருவரானார். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியவில்லை என்பது என்னை வருத்துகிறது. ராமானுஜனுக்கு இருக்கிற சிலைகளில் ஒன்று பிள்ளைக்கும் வேண்டும் என்று கேட்கவில்லை. அவருடைய ஒரு கணக்காவது நம் வகுப்பறைகளில் இருக்கலாம்.

அவர் வென்ற பெரிய கணக்கு வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770-இல் விட்டுச்சென்றது. எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கங்களுக்குள் கூட்டிக் காட்டலாம், ஒன்பது கனங்களுக்குள் காட்டலாம். நாலாம் அடுக்குக்கு எத்தனை? ஐந்தாம் அடுக்குக்கு? ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940-இல் நிறுவியவர் பிள்ளை. 73-க்குக் குறைந்தால் ஏன் போதாது என்பதைச் சிறுபிள்ளையும் பார்க்கலாம். 703-ஐ எடுத்துக்கொள்வோம். 3-இன் ஆறாம் அடுக்கு 729, அது பெரிதாகிவிட்டது. 2-இன் ஆறாம் அடுக்கு 64. அதில் பத்து வைத்தால் 640, மிச்சம் 63-க்கும் ஒன்று ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் 73. எந்த எண்ணுக்கும் இதற்குமேல் வேண்டாம் என்பதுதான் மலை. அதில் ஏறியவர் சிதம்பரத்தில் இருந்த பிள்ளை.

ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீனத்துச் சென் ஜிங்ருன் 1964-இல் நிறுவினார். நாலாம் அடுக்குக்கு 19 என்று 1986-இல் நிறுவியவர்கள் மூவர்: பிரான்சின் தெஷுய்யே, திரெஸ், நம்முடைய இரா. பாலசுப்பிரமணியன். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தை நடத்தியவர் அவர். அடுக்கு இறங்க இறங்கக் கணக்கு கடினமானது; ஆறு முதலில் விழுந்தது, நாலு கடைசியில். 19, 37, 73 மூன்றும் பகா எண்கள். அடுத்த அடுக்குக்கு 143. அது பதினொன்றும் பதின்மூன்றும் பெருக்கியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 73 கேட்கிற அந்த 703 என்ற எண், 19-ஐயும் 37-ஐயும் பெருக்கி வருவது. இதற்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தற்செயல்தான். ஆனாலும் பேருந்தில் உட்கார்ந்து 703-ஐப் பிரித்துப் பார்த்த அன்று, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

பிள்ளையின் சின்னக் கணக்குகள்தான் எனக்கு இன்னும் நெருக்கம். அடுத்தடுத்து வரும் எண்களில் பதினாறு வரை எத்தனை எடுத்தாலும், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவற்றில் இருந்தே தீரும். பதினேழு எடுத்தால் அந்த உறுதி இல்லை என்று காட்டினார். 2184-இல் இருந்து 2200 வரை பாருங்கள். இரட்டைகளுக்கு 2 இருக்கிறது. 2187, 2193, 2199 மூன்றில் அடங்கும். 2185-உம் 2195-உம் ஐந்தில். 2191 ஏழில் அடங்கி 2184-ஓடு சேரும். 2197 பதின்மூன்றின் கனம், அதுவும் 2184-ஓடு சேரும். 2189 பதினொன்றில் அடங்கி 2200-ஓடு சேரும். பதினேழு பேரில் ஒருவரும் தனியாக இல்லை. இதைச் சரிபார்க்கப் பெருக்கல் வாய்ப்பாடு தவிர வேறொன்றும் வேண்டாம்.

இன்னொன்று, வில்சன் தேற்றத்தில் இருந்து கிளைத்தது. 1 முதல் ஒரு பகா எண்ணுக்கு முந்தைய எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி 1-ஐக் கூட்டினால் அந்தப் பகா எண்ணால் வகுபடும். 77 இலக்க எண்ணுக்கும் இது பொருந்தும். பெருக்கி முடிக்க உலகத்துக் காலம் போதாது என்றாலும் மீதி என்னவென்று இப்போதே தெரியும். பிள்ளையின் பார்வை பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில் போயிற்று. 1 முதல் 3 வரை பெருக்கி 1-ஐக் கூட்டினால் 7. ஏழில் ஒன்று போனால் 6, அது 3-ஆல் வகுபடும். 4 வரை பெருக்கினால் 25. அதன் பகா எண் 5, ஒன்று போனால் 4. 5 வரை பெருக்கினால் 121. 11-இல் ஒன்று போனால் 10, ஐந்தின் மடங்கு. 6 வரை பெருக்கினால் 721, அதாவது 7 பெருக்கல் 103; 6-உம் 102-உம் ஆறின் மடங்குகள். 7 வரை பெருக்கினால் 5041, 71-இன் வர்க்கம். 70 ஏழின் மடங்கு. ஒழுங்காகப் போகிறதே என்று எட்டுக்கு வந்தால் 40321, அதாவது 61 பெருக்கல் 661. 60 எட்டின் மடங்கல்ல. ஒழுங்கு உடைந்தது. இப்படி ஒழுங்கை உடைக்கும் பகா எண்களுக்கு இன்று பிள்ளை பகா எண்கள் என்று பெயர். மிகச் சிறியது 23, அடுத்தது 29, பிறகு 59, 61. இவை முடிவில்லாமல் இருக்கின்றன என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது.

1941-இல் அவர் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஓராண்டுதான். பிறகு கல்கத்தா. 1950-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருக்கவும், ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கலந்துகொள்ளவும் அழைப்பு வந்தது. பம்பாயில் இருந்து புறப்பட்ட விமானம் ஆகஸ்ட் 31 அதிகாலை கெய்ரோவில் இருந்து மேலெழும்பிய கொஞ்ச நேரத்தில் என்ஜின் தீப்பிடித்துப் பாலைவனத்தில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அவருக்கு வயது 49. சண்டிகர் நகரத்தை வரைந்துகொண்டிருந்த போலந்துக் கட்டடக் கலைஞர் நோவிட்ஸ்கியும் அதே விமானத்தில் போனார். சாஸ்திரியாரின் சம்பளக் காசில் தொடங்கிய பயணம் மணலில் முடிந்ததை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறாது. மாமா அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. சந்தித்திருந்தால் இரண்டு பேரும் ஒன்பது தள்ளுவதைப் பற்றி வெகுநேரம் பேசியிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுபடி அந்த எண்ணுக்கு வருகிறேன். 4-ஆல் வகுத்தால் அதற்கு மீதி 1. அப்படிப்பட்ட பகா எண் எதுவும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக வரும், அதுவும் ஒரே ஒரு விதத்தில். 29 என்பது 25-உம் 4-உம் சேர்ந்தது போல, இந்த 77 இலக்கமும் எங்கோ இரண்டு வர்க்கங்களாகப் பிரிந்து நிற்கிறது. பெர்மா சொன்னது, ஆய்லர் நிறுவியது.

இவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்று எப்படித் தெரியும்? சின்ன எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது நடவாது. ஒரு பழைய வழி, அதில் ஒன்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைக் காரணிகளாகப் பிரிப்பது. இங்கே பிரித்தால் 4, 3, 65147, பிறகு 71 இலக்கத்தில் இன்னொரு பெரிய பகா எண். அந்தக் காரணிகள் கையில் இருந்தால் பகா எண் என்பதற்கு ஐயமில்லாத சான்று எழுதிவிடலாம். எந்த எண்ணுக்கும், காரணிகளைத் தேடாமல், நியாயமான நேரத்துக்குள் உறுதியாகச் சொல்லும் வழியை 2002 ஆகஸ்டில் கண்டவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னிருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அவர்கள் தொடங்கிய இடம் நம் பாடப்புத்தகத்து ஈருறுப்பு விரிவு. ஏழாம் வரிசையின் நடு எண்கள் 7, 21, 35, 35, 21, 7. எல்லாம் ஏழால் வகுபடும். ஆறாம் வரிசையில் 15 ஆறால் வகுபடாது. பகா எண்ணின் வரிசையில் மட்டும் நடுவில் இருப்பவை எல்லாம் வகுபடும். இந்த வேறுபாட்டை முழு வரிசையையும் எழுதாமல் சோதிக்கிற வழி அது. மறுபடியும் மீதிதான்.

65147-ஐக் கையாலேயே பிடிக்கலாம் என்று அக்கா மகளிடம் சொன்னேன். 2-இன் 16-ஆம் அடுக்கு 65536, மீதி 389. வர்க்கப்படுத்தினால் 32-ஆம் அடுக்கு, மீதி 21027. மறுபடி, 47187. மறுபடி, 18803. மறுபடி வர்க்கப்படுத்தினால் 256-ஆம் அடுக்கு. மீதி 40 என்று வந்து நிற்கிறது. எட்டால் வகுத்தால் 253-ஆம் அடுக்குக்கு மீதி 5. நம் எண்ணில் ஒன்று போனால் 253-ஆம் அடுக்கில் ஐந்தைக் கழித்து நாலால் பெருக்கியது. ஆகவே 65147-ஆல் சரியாக வகுபடும். பெரிய பெரிய எண்கள் வந்து போய்க் கடைசியில் நாற்பது என்று நின்ற இடத்தில் அவள் பேனாவை வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

ஆனால் அவளை விடாமல் பிடித்திருப்பது 7-ஐக் கழித்த அந்த எண்தான். அது பகு எண் என்று கணினி சொல்லிவிடும். பெர்மாவின் சோதனையில் தோற்றால் போதும், காரணி எதுவென்று தெரிய வேண்டியதில்லை. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தது பகு எண் என்று லூக்கா 1876-இல் சொன்னார். அதன் காரணிகளைக் கோல் என்பவர் 1903-இல்தான் கண்டெடுத்தார். அது 21 இலக்க எண். பகு எண் என்று தெரிந்தும் எதனால் வகுபடும் என்று தெரியாமல் ஓர் எண் அத்தனை ஆண்டு நின்றது. அந்த நிலையில் ஓர் எண்ணைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கணினியில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

100-க்குள் இருக்கும் பகா எண்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. 73-க்கு மீதி 1, ஒரு நூலிழையில் தப்பியது. 101 இல்லை. போன வாரம் மழைக்கு நடுவே குரல்செய்தி வந்தது. வீட்டு விஷயம் முதலில், பிறகு கணக்கு.

“மாமா, கரண்ட் இல்ல, வேற பேடிக்க ஒண்ணும் இல்ல. 103 போட்டேன். நம்ம 721-ல வந்ததுல்லா, அதே 103. 51-ஆம் அடுக்குலயே மீதி ஒண்ணு வந்துட்டு, 255-க்கும் ஒண்ணுதான். ஏழைக் கழிச்சா 97 நிக்குது, வகுபடல்ல. 107 போட்டுக்கிட்டு இருக்கேன்.”